அம்மாவின் சுருதிக்கு ஒரு நரம்பு

தங்கை தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, வீட்டில் பாடத் தெரிந்த ஒரே ஆள் பாடுவதை நிறுத்தியிருந்தாள்.

அம்மா மேடையில் பாடியவள் இல்லை. மல்லிகை பறிக்கப் போன கொல்லையில் பாடுவாள், நடவு வயலில் பாடுவாள். திருவரங்குளத்தைச் சுற்றி எந்தச் சொந்தக்காரர் வீட்டில் பிள்ளையைத் தொட்டிலில் போட்டாலும் தாலாட்டுக்கு அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அவள் தாலாட்டில் தாய்மாமன் ஒரு நாளும் வெறுங்கையோடு வந்ததில்லை. தங்கத்தில் கொலுசு, வெள்ளியில் பால்சங்கு, யானைமேல் சீர் என்று பாட்டு நீளும். நிஜ மாமன் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு கதவோரம் உட்கார்ந்திருப்பார். தன் பேரில் யானை வருவதைக் கேட்டு வெட்கப்பட்டுச் சிரிப்பார். பெண்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் பிள்ளை விழித்துக்கொள்ளும், அம்மா அடுத்த அடியை எடுப்பாள்.

அப்புறம் கழுத்தில் தைராய்டுக் கட்டி வந்தது. தஞ்சாவூரில் அறுவை சிகிச்சை செய்தோம். எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது. குரல் மட்டும் இறங்கிப்போனது. கனத்து, ஓரத்தில் லேசாக உரசிக்கொண்டு வந்தது. "பயப்படாதீங்கம்மா, நல்லாப் பேசுங்க, பாட்டு வந்தாப் பாடுங்க, பழகப் பழக வந்துரும்" என்றார் டாக்டர். அம்மாவும் முயன்றுதான் பார்த்தாள். ஒரு நாள் அறந்தாங்கியிலிருந்து தங்கை வீட்டுக்காரர் போன் செய்தார். அம்மா எடுத்து, "நல்லா இருக்கீங்களா தம்பி?" என்றாள். அந்தப் பக்கம் மாப்பிள்ளை, "நல்லா இருக்கேன் மாமா. அத்தை இல்லையா, அவங்ககிட்ட குடுங்க" என்றார்.

அம்மா போனை அப்பாவிடம் நீட்டினாள்.

அப்பா தைலமரம் ஏற்றும் லாரியில் லோடுமேன். எதையும் சிரிப்பாக்கித்தான் இறக்கிவைப்பார். பேசி முடித்துவிட்டு, "விடு புள்ள. இனி நான் லோடுக்குப் போனாலும் வீட்டுல ஆம்பளக் குரல் இருக்கும், திருடன் வர மாட்டான்" என்றார். அம்மாவும் சிரித்தாள். அதன்பிறகு அவள் போனை எடுக்கவில்லை. பாடவும் இல்லை.

தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. கூடத்துக் கான்கிரீட்டில் மாட்டிய இரும்புக் கொக்கியில் அம்மாவின் பழைய சேலையைத் தொட்டிலாகக் கட்டினோம். அம்மா தொட்டிலை ஆட்டுவாள், தட்டிக்கொடுப்பாள், வாய் திறக்க மாட்டாள். தங்கை பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஊருப் புள்ளைக்கெல்லாம் பாடுன. எம் புள்ளைக்கு மட்டும் செல்லுலயா தாலாட்டு போடணும்?"

"தவள கத்துனா புள்ள தூங்குமா? பயந்துக்கும்டி" என்றாள் அம்மா.

மூன்றாம் மாதம் தாயையும் பிள்ளையையும் அறந்தாங்கிக்கு அழைத்துப்போக வருவார்கள். அதற்குள் அம்மா ஒரு தடவையாவது பாடிவிட வேண்டும். தங்கை அதற்குமேல் கேட்கவில்லை. நான்தான் அதை மனசில் போட்டு உழப்பிக்கொண்டிருந்தேன். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்தால், குடுமியான்மலைப் பாறையில் இசையையே வெட்டிவைத்த மாவட்டம் நம்முடையது என்று முழங்குவேன். வீட்டில் ஒரு தாலாட்டைத் திரும்ப வரவழைக்க வழி தெரியவில்லை.

என்னிடம் இருந்தது ஒரு கிட்டார். திருச்சியில் கல்லூரி விடுதியில் படித்தபோது, வெளிநாடு போன சீனியர் விட்டுப்போனது. பள்ளிக்கூடத்துப் பக்கம் முதலில் ஒதுங்கியவன் எங்கள் குடும்பத்தில் நான்தான். படித்து முடித்து வரும்போது தோளில் அதைப் பார்த்த அப்பா, நடுவில் உள்ள ஓட்டைக்குள் எட்டிப் பார்த்து, "காலேஜ் படிச்சா உள்ள ஏதாச்சும் இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

அது கிளாசிக்கல் கிட்டார். விரலாலேயே மீட்டுவது. ஊர்ப்பக்கம் பலருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. டவுனில் கடைக்குப் போனால் எஃகுக் கம்பியைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அதை இதில் கட்டினால், நரம்பு கட்டும் மரக்கட்டையையே இழுத்துப் பிய்த்துவிடும். இதற்கு நைலான் நரம்பு. மேலே கீச்சுக் குரலில் பேசும் மூன்றும் வழவழப்பான நைலான். தடித்த குரல் மூன்றுக்கும் உள்ளே நூல் நூலாக நைலான், மேலே மெல்லிய உலோகச் சுற்று.

நான் வாசித்தால் அம்மா நல்லது என்றும் சொன்னதில்லை, நிறுத்து என்றும் சொன்னதில்லை. ஒரு மாலை, வெயிலில் நரம்புகள் தளர்ந்து சுருதி இறங்கியிருந்த கிட்டாரைச் சரிசெய்யாமல் சும்மா தட்டிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, அவளுக்கே தெரியாமல், அதே சுருதியில் ஒரு 'ம்' போட்டாள். நான் திரும்பிப் பார்த்ததும் நின்றுவிட்டது.

எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அம்மாவின் குரல் எங்கேயும் போகவில்லை, ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்திருக்கிறது. அவளோ பழைய இடத்திலேயே தேடுகிறாள். கிட்டாரை அவள் இருக்கும் இடத்துக்கு இறக்கிவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

நினைத்தது சுலபம். ஆறு நரம்பையும் ஒரு கட்டை இறக்கினேன். எல்லாம் துணி காயப்போடும் கொடிபோலத் தொய்ந்துவிட்டன. மூன்றாம் நரம்புதான் மோசம். நைலானிலேயே தடித்தது அது. சாதாரண நாளிலேயே சளி பிடித்த குரல், தளர்ந்ததும் 'ஙொய்ங்' என்று அடித்துக்கொண்டது. தங்கை, "அண்ணே, டப்பாக்குள்ள வண்டு மாட்டிக்கிச்சா?" என்றாள்.

இறக்கிக் கட்டினாலும் விறைப்பு விடாத நரம்பு வேண்டும். இணையத்தில் தேடிப் படித்தேன். முதலில் வரவழைத்தது கார்பன் நரம்பு. பேர்தான் கார்பன், கரி இல்லை. நைலானைவிட அடர்த்தியான ஒருவகைப் பிளாஸ்டிக், அதனால் மெல்லிசாக இருந்தும் விறைத்து நிற்கும். பாக்கெட்டைப் பள்ளியிலேயே பிரித்தேன். கோட்டைப்பட்டினத்திலிருந்து வரும் வேதியியல் வாத்தியார் விரலில் சுற்றி இழுத்துப் பார்த்தார். "இது எங்க கடக்கரையில விக்கிற தூண்டி நரம்பு சார். இதுக்கா கூரியர்? சொல்லியிருந்தா சுருள் சுருளாக் கொண்டாந்திருப்பேனே" என்றார். பொய்யில்லை. தூண்டிலுக்கும் அதே சரக்கைத்தான் பயன்படுத்துகிறார்கள். மீன் பிடிக்கிற நரம்புக்கு அம்மா சிக்கினால் சரி என்றேன்.

கட்டினேன். சுருதி இறக்கியும் தொய்யவில்லை. மூன்றாம் நரம்பின் சளி ஒரே நாளில் போய்விட்டது. ஒவ்வொரு தட்டும் கண்ணாடி டம்ளரில் கரண்டி பட்டதுபோல் கணீர் என்றது. நான்காவது தட்டில் பிள்ளை எழுந்து வீறிட்டது.

"நல்ல மாமன்டா! தூங்குற புள்ளய எழுப்புறதுக்குக் காசு குடுத்து நரம்பு வாங்கியிருக்கான்" என்றாள் தங்கை.

அதையும் மீறி அம்மா அன்று மெல்ல ஒரு அடி முணுமுணுத்தாள். எனக்குக் கேட்டது, அவளுக்கும் கேட்டது. கார்பனின் பளிச்சென்ற ஓசைக்குப் பக்கத்தில் அவள் குரலின் உரசல் அத்தனையும், டியூப்லைட்டுக்குக் கீழே விரித்த பழஞ்சேலையின் கிழிசல்போல, எடுப்பாகத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டாள். "பாத்திரக் கடையில நின்னு பேசுற மாதிரி இருக்குப்பா" என்று எழுந்துபோனாள்.

கார்பனைக் குறை சொல்ல மாட்டேன். அரங்கத்தில் கடைசி வரிசைக்கும் போய்ச் சேரும் நரம்பு அது. எனக்கு வேண்டியது தொட்டில்வரை போனால் போதும்.

அந்தக் காலத்தில் இந்தக் கிட்டாருக்கு ஆட்டுக் குடலைத்தான் முறுக்கிக் கட்டினார்கள், அதன் ஓசை மனுசக் குரல்போல இருக்கும் என்று படித்ததைச் சாப்பிடும்போது சொன்னேன். அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"கொடலா? கொழம்பு வச்சாலே நாலு வீட்டுக்கு மணக்கும். அதைக் கட்டி நீ வாசிச்சா, தெரு நாயெல்லாம் முன் வரிசையில வந்து ஒக்காந்துக்கும்."

"அதுகளாவது ஒக்காந்து கேக்குமே" என்றாள் தங்கை.

குடல் நரம்பு நம் ஊர் வெயிலையும் ஈரத்தையும் தாங்காது என்பதால் வாங்கவில்லை. நாய்களுக்குப் பயந்து இல்லை.

கடைசியில் திரும்பவும் நைலானுக்கே வந்தேன். இந்த முறை கூடுதல் விறைப்புள்ள நைலான். புது மாட்டுக் கயிறுபோலத்தான் அதுவும். முறுக்க முறுக்க இளகும், ஒரு வாரம் சுருதியில் நிற்காது. பள்ளிக்குப் போகுமுன் ஒரு முறுக்கு, வந்ததும் ஒரு முறுக்கு. நின்ற பிறகு கேட்டால், மேல் மூன்று நரம்பும் மோர் ஊற்றினதுபோல் இதமாக இருந்தன. கீழ் மூன்றுதான் பிரச்சினை. புது உலோகச் சுற்று ஜல்ஜல் என்று மின்னியது. விரல் அதன்மேல் நகரும்போதெல்லாம் 'கீச்' என்று ஒரு சத்தம். ஒவ்வொரு கீச்சுக்கும் பிள்ளையின் கை தொட்டிலுக்கு வெளியே துள்ளியது.

"அது ஏன்ப்பா எலி மாதிரி கத்துது?" என்றாள் அம்மா.

"சுத்துமேல வெரல் ஒரசுதும்மா. வாசிக்க வாசிக்க அடங்கிரும்."

"எம்புட்டு நாளாகும்?"

"மூணு நாலு வாரம்."

அம்மா தொட்டிலைப் பார்த்தாள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் மாலை பள்ளிவிட்டு வந்து கிட்டாரை எடுத்தேன். விரல் வழுக்கியது. முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய். கீழ் மூன்று நரம்பும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, சுற்றின் இடுக்கெல்லாம் ஊறி, படிய வாரிய பெண்பிள்ளைத் தலைபோல இருந்தன.

தங்கை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். விஷயம் இதுதான். தொட்டில் கொக்கி ஆடும்போதெல்லாம் கிறீச்சிட்டுப் பிள்ளையை எழுப்பியது. அம்மா ஸ்டூலைப் போட்டு ஏறி, துணியில் எண்ணெய் தொட்டு அதை அடக்கியிருக்கிறாள். இறங்கியவள் கையில் எண்ணெய்த் துணி. சுவரில் தொங்கிய கிட்டாரோ கீச்சிடும் இன்னொன்று. அதையும் அடக்கிவிட்டாள்.

"சத்தம் போச்சா இல்லையா, சொல்லு" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

உலோகச் சுற்றில் எண்ணெய் பட்டால் நரம்பு செத்தது என்று அர்த்தம். வாத்தியம் வாசிக்கிறவர்கள் வியர்வைக் கையால்கூட அதைத் தொடப் பயப்படுவார்கள். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்று பார்க்கத்தான் தட்டினேன்.

கீச் இல்லை. ஜல்ஜல்லும் இல்லை. 'தொம்' என்றது. அவ்வளவுதான். தொடையில் தட்டித் தூங்கவைக்கும் உள்ளங்கையின் ஓசை. தொம், தொம். அதன்மேல் நைலான் மூன்றும் மெதுவாக வந்து உட்கார்ந்தன. பிள்ளை கண்ணைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தது. நான் நிறுத்தவில்லை. அம்மா முருங்கைக்கீரை முறத்தோடு வந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு கையால் தொட்டில் கயிற்றை இழுத்தாள். அந்தத் தொம் தொம்முக்குள் எங்கேயோ 'ம்' கேட்டது. இந்த முறை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

'ம்' நீண்டது. அப்புறம் சொல் வந்தது. மல்லிகைக் கொல்லை வந்தது, குளத்தங்கரை வந்தது. குரல் கனத்துத்தான் இருந்தது, உரசத்தான் செய்தது. ஆனால் பக்கத்தில் பளிச்சென்று எதுவும் இல்லாததால் அந்த உரசல், சேலை சேலையில் படுகிற சத்தம்போலத்தான் கேட்டது. தங்கை சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். கன்னத்தில் ஈரம்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளியே அப்பா சைக்கிளைப் பிடித்தபடி இரும்புக் கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். எங்கள் கேட்டைத் தொட்டால் தெருமுனைவரை கத்தும். அவர் தொடவில்லை. தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, கோயில் வாசலில் நிற்பதுபோல் நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

தாலாட்டு என்றால் மாமன் வந்துதானே ஆக வேண்டும். வந்தான்.

தங்கத்துல கொலுசுமில்ல – கண்ணே
தந்தத்துல தொட்டிலில்ல
கூரியருல நரம்பு வாங்கி – ஒம்மாமன்
கொண்டாந்து கட்டிப்புட்டான்
நரம்பு கத்திப் புடுமோன்னு – கண்ணே
நான்தானே எண்ணெ வச்சேன்

எனக்கு விரல் தடுமாறிவிட்டது. தங்கை 'களுக்' என்று சிரிக்க, பிள்ளை அவள் பக்கம் தலையைத் திருப்பியது. பிஸ்கட் பாக்கெட்டோடு கதவோரம் உட்கார்ந்திருந்த அத்தனை மாமன்களின் வெட்கமும் அன்று என் முகத்தில் வந்து சேர்ந்தது. அம்மா கயிற்றை விடாமல், சிரிப்பை அடக்கிக்கொண்டு, கீரையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

வெளியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"ஏ புள்ள, அந்த எண்ணெய இங்கிட்டு இந்தக் கேட்டுக்கும் ரெண்டு சொட்டு விட்டிருந்தா, நான் அப்பவே உள்ள வந்திருப்பேன்ல?"

"வாங்க, வாங்க. தொறந்துட்டு வாங்க. புள்ள முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கு" என்றாள் அம்மா. அந்தக் குரலிலேயே, கேட்டுவரை கேட்கிற மாதிரி.