முனியப்பன் மூடிய காபிக் களம்

கண்ணுகளா, உங்கள் அப்பனை முனியப்பன் என்று நினைத்துப் படையல் போட்ட கதை இது. சிரிக்காமல் படியுங்கள். சிரித்தாலும் பரவாயில்லை, உங்கள் அம்மா இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

அப்போது நாங்கள் வாழவந்தியில் குடியிருந்தோம். உங்களில் மூத்தவள் கைக்குழந்தை. எனக்கு எஸ்டேட்டில் தபால் பை தூக்கும் வேலை. காலையில் பையை ஏற்காட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, வந்த கடிதங்களோடு பஸ் பிடித்து மத்தியானத்துக்குள் திரும்பிப் படுத்துவிடுவேன். மற்றவர்கள் எல்லோரும் பொழுது சாயும்வரை காட்டிலோ எஸ்டேட்டிலோ இருப்பார்கள். அதனால் ஊரில் எனக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். பொய்யான பெயர் என்று சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் தபாலில், யாரும் கேட்காமலே, புத்தர் சொன்ன நல்ல விஷயங்களைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் வந்தது. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் அதைப் புரட்டிவிட்டு, "நீதான் சும்மா இருக்கற, படி" என்று என்னிடம் தள்ளினார். ஆறாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். எந்த உயிரையும் வருத்தாதே, அடுத்தவருக்கு நல்லது செய், செய்ததைச் சொல்லிக்காட்டாதே. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். ஆனால் அது நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. நாலு பேருக்குச் சொல்லலாமே என்று ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து ஒரு பக்கம் வாசித்தேன்.

"ஏனுங்க, டீ ஆறுதுங்க" என்றார் கடைக்காரர். கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஆளும் பஸ் வந்ததும் எழுந்து போய்விட்டார்.

வாயால் சொன்னால் எடுபடாது, கையால் சொல்லுவோம் என்று முடிவு செய்தேன்.

பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் உண்டு. பறித்த பழத்தை வாசல் களத்தில் காயப்போட்டுவிட்டு அவரும் அவர் சம்சாரமான அக்காவும் எஸ்டேட் வேலைக்குப் போய்விடுவார்கள். அது கார்த்திகை மாதம். மழை சொல்லிக்கொண்டா வரும்? நனைந்தால் பூசணம் பிடித்து, வருஷம் முழுக்கப் பட்ட பாடு வீண். ஒரு மத்தியானம் தூறல் விழுந்தது. நான் ஓடிப்போய்ப் பழத்தைக் குவித்து, ஓரத்தில் கிடந்த தார்ப்பாயைப் போர்த்தி, நான்கு மூலையையும் கயிற்றால் கல்லோடு இறுக்கிக் கட்டினேன். அண்ணன் வரும்போது வீட்டுக்குள் போர்வைக்கடியில் கிடந்தேன். தர்மம் செய்தவன் அடக்கமாக இருக்க வேண்டுமல்லவா.

இப்படி மூன்று தடவை. அதற்குப் பிறகு களத்தோரப் பலாமரத்தடிக் கல்லில் ஒரு சுருட்டு இருந்தது. மறுநாள் ஒரு முட்டை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உங்கள் அம்மாதான் சொன்னாள்.

"பக்கத்து ஊட்டுக் களத்துக்கு முனியப்பன் காவல் வர்றாராமா. ஞாயித்துக்கெழமை அந்தச் செவப்புச் சேவலை அறுக்கறாங்க. நமக்கும் கொழம்பு வரும்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் செய்த நல்லது நேராகப் போய்ச் சேவல் கழுத்தில் விழப்போகிறது. அதுவோ எங்கள் வாசலில் வந்து என்னையே பார்த்துக்கொண்டு மேய்கிறது. சொன்னால் சொல்லிக்காட்டின பாவம், சொல்லாவிட்டால் கொன்ற பாவம். மூன்று நாள் மத்தியானத் தூக்கம்கூட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் சேவலின் காலைக் கட்டிப் போட்டுவிட்டுக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"அண்ணா, அதை உட்டுருங்க. களத்தை மூடினது முனியப்பன் இல்லீங்க. நானுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, போன மாசம் உன்ற ஊட்டுத் துணியே மூணு நாளு கொடியில நனைஞ்சுது. நீ எடுத்தியா?"

"அது எங்க ஊட்டுத் துணிங்க. அதை எடுத்தா தர்மத்துல சேராதுங்க."

எனக்குப் பின்னால் உங்கள் அம்மாவின் குரல் கேட்டது. "அதை இன்னொருக்காச் சொல்லுங்க, கேப்போம்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த அக்கா தலையைத் தூக்காமல் சொன்னார். "தம்பி சொல்றது நெசந்தானுங்க. தார்ப்பாய்ல இருந்தது தபால் பை முடிச்சு. நொம்ப நல்லா இறுக்கியிருந்துச்சு. எனக்கு மொத நாளே தெரியும்."

"அப்பறம் ஏம்புள்ள சொல்லலை?"

"சேவக் கொழம்பு தின்னு ஆறு மாசமாச்சுங்க."

அண்ணன் கத்தியைக் கீழே வைத்து யோசித்தார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அவசரப்பட்டு விட்டுவிட்டேன்.

"நேந்தது நேந்ததுதான்" என்றார். "களத்தைக் காத்தது நீதான்னா படையலும் உனக்குத்தான். தொடைக்கறி பூரா உனக்கு."

"எனக்குப் படைக்கறதா இருந்தா உசுரோட படைங்கண்ணா. எந்த உசுரையும் வருத்தக் கூடாதுன்னு பொஸ்தகத்துல போட்டிருக்குது."

"காபிச்செடியில தண்டுப்புழு துளைக்குதே, அதையுமா?"

"அந்தப் பக்கம் இன்னும் படிக்கலீங்க."

"முனியப்பனே தேவலை. அவரு எதுவும் கேக்க மாட்டாரு" என்று சொல்லிக்கொண்டே சேவலைத் தூக்கி என் கையில் திணித்தார். அக்கா அரைத்த மிளகாயை வழித்து எடுத்தார்.

"அப்ப வர்ற மழைக்கும் மூடுவீங்கல்ல தம்பி?"

"மூடறனுங்க."

உங்கள் அம்மா என்னையும் பார்த்தாள், சேவலையும் பார்த்தாள். பிறகு பருப்பு வேகவைக்கப் போய்விட்டாள்.

நான் சேவலோடு வீட்டுக்குப் பின்பக்கம் போய் உட்கார்ந்தேன். யாரும் இல்லை. கால் கட்டை அவிழ்த்தேன். கயிறு அழுந்திய இடம் சிவந்து கிடந்தது. தேங்காய் எண்ணெய் தொட்டு மெல்லத் தடவினேன். அது என் கட்டைவிரலில் நன்றாக ஒரு கொத்துக் கொத்தியது. மிச்ச எண்ணெயை அங்கே தடவிக்கொண்டேன்.