சென்னகேசவன் ஊறவைத்த அரிசி ஒயின்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். லேத் பட்டறையில் கூலியாகச் சேர்ந்து, சொந்தப் பட்டறை போட்டு, 1994இல் காந்திபுரத்தில் சைனீஸ் ஓட்டலும் திறந்தேன். ‘கவுண்டருக்கு எதற்கு நூடுல்ஸ்?’ என்று சிரித்தவர்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என் வாசலில் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையை வரவழைத்த கை சென்னகேசவனுடையது. அதை மறைக்க மாட்டேன்.

பல்லடத்துக்காரன். பதினாறு வயதில் கல்கத்தாவுக்கு ஓடி, ஒரு சீனக் கிழவரின் சமையற்கட்டில் இருபது வருடம் பாத்திரம் மட்டுமே கழுவியவன். கிழவர் செத்ததும், அவர் வைத்திருந்த, அரிசியைப் புளிக்கவைக்கும் மாவு உருண்டைகளோடு ஊர் திரும்பினான். வேகவைத்து ஆறிய அரிசியில் ஓர் உருண்டையை நொறுக்கித் தூவி ஜாடியில் மூடிவைப்பான். ஒரு மாதத்தில் அரிசி ஒயின் ஊறிவிடும். குடிப்பதற்கல்ல. கோழிக்கறியில் பிசறினால் கவிச்சி போகும். காய்ந்த கடாயின் ஓரமாகச் சுற்றி ஊற்றினால் குப்பென்று தீ ஏறி, வாசம் தெருமுனை வரை போகும்.

தினமும் அடுப்பைப் பற்றவைக்குமுன் அந்த ஒயினில் முதல் கரண்டியைப் பின்வாசல் மண்ணில் ஊற்றிவிட்டு வருவான். வலக்கைக்காரன், சமைப்பது மட்டும் இடக்கையால்.

அடுத்த தெருவில் சாராயம் காய்ச்சியவனைப் போலீஸ் பிடித்துப்போன அன்று அவனைக் கூப்பிட்டேன்.

“ஏப்பா கேசவா, அந்த ஜாடியக் கொட்டிப்போடு. இல்லீன்னா ஊட்டுக்குக் கெளம்பு.”

“அதக் கொட்டுனா எம்பொழப்பே போயிருமுங்க மொதலாளி. எனக்கு வெங்காயம் அரியக்கூடத் தெரியாதுங்க. சமைக்கறது அவருங்க.”

“செத்த கெழவனுக்கா நான் சம்பளங் குடுக்கறேன்?”

நான் எவனுக்கும் பயந்தவனில்லை. ஜாடியை நானே தூக்கிப்போய்ப் பின்வாசலில் கவிழ்த்தேன். அத்தனை ஒயினையும் மண் ஒரே மடக்கில் இழுத்துக்கொண்டது. ஈரம்கூட நிற்கவில்லை.

மறுநாள் மத்தியானம் கடாய் முன் நின்ற சென்னகேசவன், கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எந்த முனையைப் பிடிப்பதென்றே தெரியவில்லை. எண்ணெய் புகைந்தது. திட்ட வாயெடுத்தேன். அதற்குள் என் இடக்கை கரண்டியை வாங்கிக்கொண்டது.

வெந்நீர்கூட வைத்தறியாதவன் நான். இஞ்சியும் கோழியும் அதனதன் பதத்தில் விழுந்தன. ஒயின் துளியும் இல்லாத கடாயில் குப்பென்று தீ ஏறியது. அதே வாசம்.

சென்னகேசவன் கும்பிட்டான். என்னையல்ல, என் தோளுக்குப் பின்னால்.

“முழுசா ஊத்திப்போட்டீங்க,” என்றான். “நான் கரண்டி கரண்டியாக் குடுத்து, அன்னன்னைக்கு அவரு கைய வாங்கிட்டிருந்தேனுங்க.”

“இனி பொழப்புக்கு என்ன பண்ணுவ?”

“கோழிப்பண்ணைல தீவனம் போடப் போறேனுங்க. அதுக்கு எங்கையே போதும்.”

பல்லடத்தில் இன்றும் அந்த வேலைதான். பார்க்கப் போனால் அவன் மனைவி பத்மாவதி காபி கொடுப்பாள்; அவன் அடுப்படிப் பக்கமே வருவதில்லை, நன்றாகத் தூங்குகிறான். என் கைக்கு ஈடு கோயம்புத்தூரிலேயே இல்லை என்று ஊர் சொல்கிறது. மூன்று வருடமாக ஒருநாள்கூட ஓட்டலை மூட இந்த இடக்கை விடவில்லை.