இட்லித் துணியில் சுருட்டிய சுஷி

வளைகுடாவில் ஒரு ஹோட்டலில் பதினெட்டு வருஷம் சுஷி சுருட்டியவன் நான். சோற்றில் வினிகர் கலந்து, கடல்பாசித் தாளில் பரப்பி, நடுவில் பச்சை மீனை வைத்துச் சுருட்டி, ஒரே அளவாக எட்டுத் துண்டு போட வேண்டும். ஒரு துண்டு நூலளவு கூடிவிட்டாலும் எங்கள் தலைமைச் சமையல்காரர் தட்டையே திருப்பி அனுப்பிவிடுவார். இதை எங்கள் ஊர் பொன்னமராவதியில் நான் யாரிடமும் சொன்னதில்லை. பச்சை மீனைச் சோற்றில் வைத்துக் கொடுக்கவா விமானம் ஏறிப் போனாய் என்று மானத்தை வாங்கிவிடுவார்கள். பிரியாணி மாஸ்டர் என்று சொல்லி வைத்தேன். ஊர் திரும்பியதிலிருந்து காதுகுத்து, கிடாவெட்டு என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் பிரியாணி போடக் கூப்பிடுகிறார்கள். முதுகுவலி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

உண்மை தெரிந்த ஒரே ஆள் என் மனைவி. அவளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அங்கிருந்து நான் போன் செய்வேன். முதல் கேள்வி "சாப்பிட்டியா?" என்பதுதான். சாப்பிட்டேன் என்பாள். அப்புறம் மகள் படிப்பு, மோட்டார் ரிப்பேர், யார் வீட்டில் என்ன விசேஷம் என்று பேச்சு ஓடும். பதினெட்டு வருஷக் குடித்தனம் அப்படியே போனில் நடந்தது.

நான் வந்து சேர்ந்தபோது வீட்டில் ஒரு பூனை இருந்தது. இப்போது அதற்குப் பதினோரு வயசு, சாம்பல் நிறம், ஒரு காது ஓரத்தில் கிழிசல். மனைவி அதைத் தங்கம் என்று கூப்பிடுவாள். என்னை "இந்தாங்க" என்பாள். சரி, பழகினால் மாறும் என்று இருந்தேன். இரண்டு வருஷமாகியும் மாறவில்லை. பூனையும் என்னை வீட்டுக்கு வந்த விருந்தாளியாகவே நடத்தியது. என்றைக்குக் கிளம்புவான் என்கிற பார்வை.

போன மாசம் மகளுக்குக் கோயம்புத்தூரில் இரண்டாவது பிரசவம். மனைவி துணைக்குக் கிளம்பினாள். எனக்கு மாவு எங்கே, கேஸ் புக் எங்கே என்று இரண்டு நிமிஷம் சொன்னாள். பூனைக்கு என்ன, எப்போது, எந்தத் தட்டில் என்று அரை மணி நேரம் சொன்னாள். மதியம் ஒரு மணிக்குச் சோறும் மீனும், ராத்திரி மறுபடியும் கொஞ்சம், தண்ணீர் தினமும் மாற்ற வேண்டும். ஆட்டோ கிளம்புகிற நேரத்தில் தலையை வெளியே நீட்டி, அதைப் பட்டினி போட்டுவிடாதீர்கள் என்றாள். ஆயிரம் பேருக்குச் சமைத்தவனிடம் சொல்கிற பேச்சா இது? எனக்குச் சுர்ரென்று வந்தது.

முதல் நாள் அவள் சொன்னபடியே சோற்றையும் மீனையும் பிசைந்து, அடுப்படித் தரையில் வைத்துவிட்டு, என் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். கூடத்தில் ஆறு நாற்காலி போட்ட டைனிங் டேபிள் இருக்கிறது. நான் ஊர் திரும்பும்போது ஆசையாக வாங்கியது. அதில் நான் ஒருவன்தான் சாப்பிடுவேன், மொபைலில் செய்தி பார்த்துக்கொண்டே. மனைவி எனக்குப் பரிமாறிவிட்டு அடுப்படியில் கீழே உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். மேலே உட்கார்ந்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறதாம். சாப்பிட்டு முடித்துப் போய்ப் பார்த்தால் பூனைத் தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. பூனை வாசற்படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பசித்தால் தின்னும் என்று விட்டேன். மறுநாளும் தின்னவில்லை. கொஞ்சம் பாலை நக்கியது, அவ்வளவுதான். மனைவி தினமும் போனில் தங்கம் சாப்பிட்டதா என்று கேட்டாள். பச்சைக் குழந்தையோடு ராத்திரியெல்லாம் கண் விழித்துக் கிடக்கிறவளிடம் என்ன சொல்வது? வயிறு முட்டச் சாப்பிட்டது என்றேன். அன்றைக்கு வீடியோவில் காட்டச் சொன்னாள். காட்டினேன். அவள் குரலைக் கேட்டதும் பூனை எழுந்து வந்தது. திரையை மோந்து பார்த்தது. பிறகு போனுக்குப் பின்னால் போய் அவளைத் தேடியது. நான் சட்டென்று சிக்னல் இல்லை என்று சொல்லிக் கட் செய்துவிட்டேன்.

மூன்றாம் நாள் ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் பூனையைப் போட்டு, தலை மட்டும் வெளியே தெரிய, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். வழியெல்லாம் அது கத்திய கத்தலில் நான் எங்கோ திருடிக்கொண்டு போவதாக ஜனம் பார்த்தது. மருத்துவர் காய்ச்சல் இல்லை, பல் நன்றாக இருக்கிறது, வயிற்றிலும் கோளாறு இல்லை என்றார். ஆனால் பூனை நாள்கணக்கில் பட்டினி கிடக்கக் கூடாது, ஈரல் கெட்டுப்போகும், எப்படியாவது சாப்பிட வையுங்கள் என்றும் சொன்னார். அவள் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது இந்த ஓர் உயிரைத்தான். இது செத்துப்போனால் அவள் முகத்தில் எப்படி முழிப்பேன்?

அன்றைக்கு மொபைலைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் அந்த வீடியோ வந்தது. ஒரு ஜப்பான்காரப் பெண்மணி தன் பூனைக்குச் சுஷி செய்கிறாள். வினிகர் இல்லை, உப்பு இல்லை, சாஸ் இல்லை, வெங்காயம் கூடவே கூடாது. வேகவைத்த மீன், கொஞ்சூண்டு சோறு. அவள் சுருட்டிய லட்சணத்தைப் பார்த்தால் எங்கள் ஹோட்டலில் வாசலைக்கூட மிதிக்க விட்டிருக்க மாட்டார்கள். அதையே அந்தப் பூனை லபக் லபக்கென்று தின்றது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பதினெட்டு வருஷத் தொழில், பொன்னமராவதிக்கு வந்து முதன்முதலாக உபயோகப்படப் போகிறது.

மறுநாள் காலையில் மணமேல்குடிக் கடற்கரை மீனை ஐஸ் பெட்டியில் வைத்து மொபெட்டில் கொண்டுவருகிறவரை நிறுத்தினேன். பாறை மீன் ஒன்று நல்ல செவுளோடு இருந்தது. நறுக்கித் தரச் சொல்லிவிட்டுச் சோறு பொங்கிவிட்டதா என்று பார்க்க உள்ளே போனேன். அங்கேதான் கோட்டை விட்டேன். திரும்பி வந்தால் மனிதர் மீனை மஞ்சளும் கல்லுப்பும் போட்டு அரக்கித் தேய்த்துக் கழுவி, மஞ்சள் பூசிய கல்யாணப்பெண் மாதிரி கையில் கொடுக்கிறார். எங்கள் பக்கத்தில் மீனை நறுக்கினால் யார் கையும் தானாக மஞ்சளுக்குப் போகும். யாரும் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை அலசியும் நிறம் போகவில்லை. அப்படியே வேகவைத்து உருட்டி வைத்தேன். பூனை மோந்து பார்த்து ஒரு தும்மல் போட்டுவிட்டுப் போனது. ஆகா, மஞ்சள்தான் காரணம் என்று கண்டுபிடித்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் மீன்காரர் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். மஞ்சள் போடாதீர்கள் என்றதும் அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். பூனைக்கு என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். அதன்பிறகு ஒரு வார்த்தை பேசாமல் நறுக்கிக் கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டில் போய் நிறையப் பேசினார்.

மீனை வெறும் தண்ணீரில் வேகவைத்து முள் எடுத்தேன். ஒரு முள்ளுக்கு மூன்று தடவை தடவிப் பார்த்தேன். ஜப்பான் அரிசிக்கு எங்கே போவது? ரேஷன் அரிசியைக் குழைய வடித்தேன், பசை மாதிரி ஒட்டியது. கடல்பாசித் தாளுக்குப் பதிலாக எண்ணெய் விடாமல் முட்டையைக் காகிதம் போல மெலிதாக வார்த்தேன். சுருட்டுவதற்கு மூங்கில் பாய் வேண்டும். அலமாரியைத் துழாவியதில் மனைவியின் இட்லித் துணி கிடைத்தது. வெள்ளை வெளேரென்று துவைத்து மடித்து வைத்திருந்தாள். ஒரு நொடி யோசித்தேன். வருவது வரட்டும் என்று விரித்தேன்.

கை மறக்கவில்லை. எட்டுத் துண்டும் அச்சில் வார்த்தது போல வந்தது. ஹோட்டலில் செய்கிற மாதிரி தட்டில் சாய்வாக அடுக்கினேன். நேரம் ஒரு மணி. அடுப்படித் தரையில் வைத்துவிட்டு, கதவோரம் நின்று பார்த்தேன். பூனை வந்தது. தட்டைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. இரண்டு காலையும் மடக்கிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஷேக்குகள் கை தட்டிய சுஷியை நீ வேண்டாம் என்கிறாயா என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். அப்போதுதான் காலையிலிருந்து நானும் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது ஞாபகம் வந்தது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் பொத்தென்று உட்கார்ந்தேன். தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். பதினெட்டு வருஷத்தில் நான் சுருட்டிய சுஷியை நான் தின்றது அதுதான் முதல் தடவை. அங்கே எங்களுக்குப் பருப்பும் ரொட்டியும்தான். உப்பில்லாமல் சப்பென்று இருந்தது. இருந்தாலும் பசி, இன்னொன்று எடுத்தேன்.

பூனை கண்ணைத் திறந்தது. எழுந்து உடம்பை முறுக்கிக்கொண்டு வந்து என் முட்டியை ஒட்டி உட்கார்ந்தது. ஒரு துண்டின் ஓரத்தைக் கடித்தது. பிறகு முழுத் துண்டு, அடுத்து இன்னொன்று. நான் மூச்சுக்கூட விடவில்லை. மூன்றாவதை நான் எடுத்தேன், அது அதனுடைய மூன்றாவதை எடுத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பேத்தி பிறந்த சேதி வந்தபோதுகூட நான் அழவில்லை.

உடனே போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். பூனைக்கு நான் சுஷி செய்தேன், உன் தங்கம் தட்டைக் காலி செய்கிறது பார் என்று எழுதினேன். ஒரு நிமிஷத்தில் போன் வந்தது. பாராட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று எடுத்தேன்.

"போட்டோவுல ஒங்க முட்டி தெரியுது. கீழயா உக்காந்திருக்கீங்க?"

ஆமாம் என்றேன்.

"நீங்களும் தின்னீங்களா?"

மூன்று துண்டு என்றேன்.

"அதான் தின்னுருக்கு. பக்கத்துல ஒரு ஆளு உக்காந்து சாப்பிட்டாத்தான் அது வாய வைக்கும். அதுக்கு ஒத்தையில சாப்பிடப் பிடிக்காது."

அப்போ மஞ்சள் காரணம் இல்லையா என்றேன். பதினோரு வருஷமாக அது மஞ்சள் தேய்த்த மீனைத்தான் தின்கிறது என்றாள். இதை முதலிலேயே சொல்லித் தொலைப்பதற்கென்ன என்று எரிந்து விழுந்தேன். நீங்கள்தான் தினமும் சாப்பிட்டுவிட்டது என்றீர்களே என்றாள். அதற்கப்புறம் அவள் வரும்வரை இரண்டு வேளையும் தரையில்தான் எனக்குச் சாப்பாடு.

பத்து நாள் கழித்து மனைவி வந்தாள். வந்த வேகத்தில் இட்லித் துணியை எடுத்து மோந்து பார்த்து, கவிச்சி வாசம் குடலைப் பிடுங்குகிறது என்று வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவள் ஓய்ந்த பிறகு, நாலு நாள் பொய் சொன்னது தப்புதான் என்று நானாகவே சொன்னேன். அவள் சிரித்தாள்.

"நீங்க சொன்ன தினுசுலயே பொய்யின்னு தெரிஞ்சுச்சு. நானும் வெள்ளிக்கெழமதோறும் ஒங்ககிட்ட அப்பிடித்தான சொன்னேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் துணியைச் சோப்பில் கசக்கிக்கொண்டே சொன்னாள். போனை வைத்த பிறகு பாதி நாள் சாப்பிடாமல் அப்படியே படுத்துவிடுவாளாம். மகள் டியூஷன் முடிந்து வந்து தின்றுவிட்டுத் தூங்கிவிடுவாளாம். ஒரு ஆளுக்காக யார் தட்டைக் கழுவுவது என்று தோன்றுமாம்.

"தங்கம் வந்தப்பறந்தான் ராத்திரிச் சாப்பாடே. நா தின்னாத்தான் தின்னுவேன்னு அடம்பிடிச்சு உக்காந்திருக்கும். அதுக்காகத் தின்னேன்."

சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு, சாப்பிட்டேன் என்ற பதிலை வாங்கிக்கொண்டு, நான் எத்தனை வெள்ளிக்கிழமை நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அவள் துணியைப் பிழிந்து உதறிவிட்டு, அது என்னமோ சுஷியாமே, எனக்கும் ஒன்று செய்து கொடுங்கள், பச்சை மீன் மட்டும் வேண்டாம், உப்புப் போடுங்கள் என்றாள்.

பூனை முந்திக்கொண்டு போய் அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தது. நான் மூன்று தட்டு எடுத்தேன்.