கப்பல்துறைக் கடையில் ருசித்துச் சாப்பிட்டவர்கள்

சாப்பாட்டுக் கடை வைத்தவர்களுக்கு வந்தவரின் முகம் மறந்துபோகும், அவர் சாப்பிட்ட விதம் மறக்காது. அடுப்புப் புகையில் கண்ணைக் கெடுத்துக்கொண்ட நீங்களெல்லாம் இதை ஒத்துக்கொள்வீர்கள். அறுபதுகளில் நானும் என் வீட்டுக்காரர் சூசையும் தூத்துக்குடிப் பக்கமிருந்து கப்பலேறித் தீவுக்குப் போய், மாயாபந்தர் கப்பல்துறைக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகையில் கடை போட்டோம். இரண்டு மேசை, நாலு பெஞ்சு. சமையல் நான், பரிமாறுவது அவர்.

களவாத் தலை

மரக் கிடங்கில் கணக்கெழுதும் வங்காளி நித்தாய் பாபு எங்கள் கடைக்கு வந்த முதல் நாளே மீன் தலை கேட்டார். ஆற்று மீன் தின்று வளர்ந்தவர் கடல் மீனை எங்கே மதிக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு, ஒரு பெரிய களவா மீன் தலையை வைத்தேன். மனிதர் முதலில் கன்னத்துச் சதையைப் பிரித்தெடுத்தார். அப்புறம் கண். அப்புறம் மண்டைக்குள் இருந்ததை உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கடற்கரையில் பிறந்த எனக்கே அந்தத் தலைக்குள் இத்தனை அறைகள் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெஞ்சுக்காகக் காத்து நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். சூசை போய், "பாபு, ஜல்தி, ஜல்தி" என்றார். நித்தாய் பாபு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவசரக்காரர்களுக்கு வாலைக் கொடுங்க அண்ணா!"

கப்பல் வராத மழைக்காலம்

ஒரு மழைக்காலம் கடல் கொந்தளித்துக் கப்பல் வரவில்லை. பருப்பு தீர்ந்தது, உருளைக்கிழங்கு தீர்ந்தது, கடைசியில் புளியும் தீர்ந்தது. புளியில்லாமல் எங்கள் ஊர்க்காரி எப்படி மீன் குழம்பு வைப்பாள்? கடையைச் சாத்திவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

பர்மாவிலிருந்து வந்து பக்கத்து வேபி கிராமத்தில் குடியேறியிருந்த கரேன் இனத்துப் பெண் நா லே எனக்குக் காய்கறி கொண்டுவருவாள். நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளும் இந்தி பத்து வார்த்தைக்குமேல் தேறாது. என் காலிப் புளிப் பானையைக் காட்டினேன். மறுநாள் ஒரு கட்டுக் கீரையோடு வந்தவள், ஒரு இலையைக் கிள்ளி என் வாயிலேயே வைத்துவிட்டு, "கட்டா! அச்சா!" என்று சிரித்தாள். புளிப்புதான், நல்ல புளிப்பு! நம் புளிச்சக்கீரை. அதை வதக்கி மீனோடு சேர்த்துப் பயந்துகொண்டே இறக்கினேன்.

துறையில் கப்பலுக்குக் கயிறு கட்டும் தெலுங்கர் அப்பன்னா ஒரு வாய் வைத்தார், "கோங்குரா!" என்றார், இன்னொரு தரம் சோறு வாங்கிக்கொண்டார். ஊரை விட்டு வந்த பிறகு அந்தக் கீரையைக் கண்ணால் பார்க்கவில்லையாம். கை கழுவும்போது கடல் பக்கம் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அக்கா, கப்பல் மெதுவாவே வரட்டும்."

எத்துவாவுக்கு இறங்கிய சோறு

எத்துவா ராஞ்சியிலிருந்து மரம் வெட்ட வந்தவன். மலேரியாவில் விழுந்து எழுந்தவனைக் கூட்டாளிகள் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்து எங்கள் பெஞ்சில் சாய்த்தார்கள். "காய்ச்சல் போயிட்டது, இனிமே சோறு இறங்கினால்தான் ஆள் பிழைப்பான்" என்று கம்பவுண்டர் சொல்லி அனுப்பியிருந்தார். நான் கஞ்சி கொடுத்தேன், ரசம் கொடுத்தேன், கோழி அடித்துச் சாறு வைத்தேன். எல்லாவற்றுக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரவும் எங்கள் பெஞ்சிலேயே கிடந்தான். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய்விட்டது. அடுப்பு வேலைக்கு நடுவே அவனை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் கூட்டம் வருவதற்கு முன்னால் நானும் சூசையும் பின்பக்கம் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிடுவது வழக்கம். மறுநாள் தணலில் ஒரு துண்டுக் கருவாட்டைப் போட்டேன். வாசம் போன திசையிலிருந்து எத்துவா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். "அது என்ன?" என்றான். காசு கொடுத்துச் சாப்பிடுகிறவனுக்குப் பழையதையா வைப்பது என்று எனக்குக் கூச்சம். அவனோ தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். என் கும்பாவையே அவன் பக்கம் தள்ளினேன். நீராகாரத்தை முதலில் குடித்தான். பிறகு வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, கருவாட்டை நுனி நுனியாகக் கிள்ளி, கும்பா காலியாகும்வரை தலை நிமிரவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வாயைத் துடைத்துக்கொண்டு கோபமாகவே கேட்டான்: "ஏன் அண்ணி, மத்ததையெல்லாம் எங்களுக்கு வித்துட்டு, நல்லதை நீங்களே வச்சுத் தின்றீங்களா?"

பின்பக்கத்துப் பெஞ்சு

எத்துவா தேறி மறுபடி கோடாலி தூக்கினான். தேறியதோடு விட்டானா? மரம் வெட்டுகிறவர்களின் கேம்ப் முழுக்கச் சொல்லிவிட்டான். காலையில் பழைய சோறு கேட்டு ஆட்கள் பின்பக்கமாகவே வர ஆரம்பித்தார்கள். அங்கேயும் ஒரு பெஞ்சு போட வேண்டியதாயிற்று. ஒரு நாள் பானையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு சூசை சொன்னார்: "ஏட்டி, இனி நமக்குன்னு எதையும் ருசியா வைக்காத, மோப்பம் பிடிச்சிருதானுவ."

இத்தனை பேர் ருசித்துச் சாப்பிட்டதை நின்று பார்த்ததில்தான் என் உடம்பு இப்படிப் பெருத்துவிட்டது என்று சொன்னால், என் டாக்டர் மட்டும் நம்ப மறுக்கிறார்.