அக்கி எழுதிய பத்து நாட்கள்

அம்மாவுக்கு முதலில் வந்தது அரிப்புதான். உட்கார்ந்தால் முதுகு, எழுந்தால் தொடை. தாம்பரத்தில் எங்கள் வீட்டின் இரண்டு அறைகளுக்குள் நடந்துகொண்டே இருப்பாள். அவள் சொறியும் சத்தத்தில் எனக்கும் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பிறகு கைகளில் நீர் கோத்த கொப்புளங்கள் எழும்பின.

“சர்க்கரைக்குப் புதுசா ஒரு மாத்திரை எழுதினாங்களே, அதுலேர்ந்துதான்டி இப்படி இருக்கு,” என்றாள்.

நான் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள். எனக்குத் தெரியாததா? “மாத்திரை மேல பழி போடாதம்மா. எல்லாம் வெயில்தான்,” என்றேன்.

பக்கத்து வீட்டு அக்கா பார்த்தவுடனே அக்கி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மாடம்பாக்கத்தில் மண்பானை செய்யும் ஒருவர் அக்கி எழுதுவாராம். இருவரும் எனக்குத் தெரியாமல் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்வந்தார்கள். நான் பள்ளி விட்டு வந்தபோது அம்மாவின் கையெல்லாம் காவிக் கோடுகள். ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தேன்.

பத்து நாளில் அரிப்பு குறைந்தது. புதிதாகக் கொப்புளமும் வரவில்லை. அம்மா அசையாமல் உட்கார்ந்து சீரியல் பார்த்தாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. அன்றுதான் சர்க்கரை மாத்திரையின் புது அட்டை பிரிக்காமலே கிடப்பதைக் கண்டுபிடித்தேன். அக்கி எழுதினால் இங்கிலீஷ் மருந்து கூடாது என்று அந்த மனிதர் பத்தியம் சொல்லியிருக்கிறார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மறுநாளிலிருந்து நானே பக்கத்தில் நின்று விழுங்க வைத்தேன்.

இரண்டே வாரத்தில் உள்ளங்கை வரை கொப்புளம். “உன் அக்கியோட லட்சணத்தைப் பார்த்தியா?” என்று கேட்டேன். வெட்கமில்லாமல் கேட்டேன்.

தோல் மருத்துவர் சிறு துண்டுத் தோலை எடுத்துச் சோதிக்க அனுப்பினார். முடிவு வந்த அன்று விளக்கினார். “உடம்பே தன்னோட தோலை எதிரின்னு நினைச்சுத் தாக்குது. சிலருக்கு இந்தச் சர்க்கரை மாத்திரையே அதைக் கிளப்பிவிட்டுடும். வேற எழுதித் தர்றேன். நடுவுல எப்பவாவது குறைஞ்சுதா?”



“பத்து நாள் நல்லா இருந்துச்சு டாக்டர்,” என்றாள் அம்மா. “நான்தான் மாத்திரைய நிறுத்தியிருந்தேன். இவ பயந்துட்டா, பாவம். சர்க்கரை ஏறிடுமேன்னுதான் திரும்பக் குடுத்தா.”

அம்மா என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அவள் கையையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். விரலிலிருந்து முழங்கை வரை பிடிக்க இடமில்லை.