தட்டைத் தாண்டாத கட்லா

அவனியாபுரத்துக்குத் தெற்கே, விமானம் தாழ இறங்கும் வழியில், பெர்சி டீச்சரின் மீன் குளம் இருக்கிறது. சுற்றிலும் பிளாட்டுக் கல் நட்டாகிவிட்டது. நடுவில் இந்தக் குளம் மட்டும் பிடிவாதமாகக் கிடக்கிறது, சொந்தக்காரியைப் போலவே. மிஷன் பள்ளியில் உயிரியல் சொல்லித்தருகிறவள், சாயங்காலம் ஸ்கூட்டியில் வந்து இறங்கி, ஊறவைத்த சாணிக் கரைசலைத் தன் கையாலேயே குளத்தில் ஊற்றுவாள். மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர்களை அவள் ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை.

அப்பா விட்டுப்போன நிலம், இன்னும் பாகம் பிரிக்கவில்லை. அண்ணன் மைக்கேல்ராஜுக்குக் குளத்தை மூடி, பிளாட்டாக விற்றுவிட வேண்டும். பெர்சி மசியவில்லை. கடைசியில் கிறிஸ்துமஸ் விருந்தில், சாப்பிட்ட தட்டையே தூக்கிக் காட்டி அவர் ஒரு பந்தயம் வைத்தார். பெரிய வெள்ளிக்கு முன்னால், குளத்துக் கட்லா மீனை அந்தத் தட்டில் கிடத்தினால் வால் வெளியே நீட்ட வேண்டும். நீட்டினால் குளம் அவளுக்கு. இல்லாவிட்டால் மண் லாரி வரும். பெர்சி சரி என்றாள். அவளுக்குத் தன் தண்ணீர் மேல் அவ்வளவு நம்பிக்கை.

நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சாணி கரைந்த தண்ணீரில் வெயில் பட்டால் கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகும். பாசியைத் தின்னப் பொடிப் பூச்சிகள் பெருகும். அதைத் தின்று கட்லா கொழுக்கும். தீவன மூட்டை வாங்காமலே குளம் தன் சோற்றைத் தானே பொங்கிக்கொள்ளும். பெர்சி முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்ப்பாள். உள்ளங்கை கண்ணுக்கு மறைந்தால் மீனுக்குச் சாப்பாடு இருக்கிறது என்று அர்த்தம். தெரிந்தால் இன்னும் சாணி வேண்டும்.

தவக்காலம் வந்தது. இறைச்சி விலக்கும் சுத்தபோசன நாட்களில் கோவில் பங்கு மக்கள் எல்லாம் மீன் தேடும் காலம். பங்குச் சாமியார் குளத்தை ஆசீர்வதித்து மந்திரிக்க வருவதாகச் சொன்னார். அங்கேதான் மைக்கேல்ராஜ் அந்தக் காரியத்தைச் செய்தார். மந்திரிப்புக்கு முன்னால் வீட்டைக் கழுவிவிடுவார்கள் அல்லவா, அதுபோலக் குளத்தையும் கழுவிவிட்டார். பெர்சி பள்ளியில் இருந்த நேரம், மீன் நீந்தும் அளவு மட்டும் விட்டு, பச்சையாகக் கிடந்த தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துத் தள்ளி, போர்வெல் தண்ணீரை நிரப்பிவிட்டார். கெடுக்கும் எண்ணம் இல்லை. சாமியாருக்குச் சாணித் தண்ணீரைக் காட்ட மனுஷனுக்கு வெட்கம், அவ்வளவுதான்.

வந்தவர்கள் எல்லாரும் தண்ணீர் பளிங்கு மாதிரி இருப்பதாக மெச்சினார்கள். அத்தனை மீனும் கழுவிவைத்த காலிப் பானைக்குள் நீந்துவது பெர்சிக்கு மட்டும்தான் தெரிந்தது. சாமியார் போகும்வரை பொறுத்துக்கொள்ளும்படி கணவன் ஆல்பின் கெஞ்சினான். அவள் கேட்கவில்லை. பட்டுச்சேலையோடு சாணிக் கரைசலை வாளி வாளியாகத் தூக்கிவந்து, எல்லார் கண்ணெதிரே குளத்தில் ஊற்றினாள்.

"சாமி, இது மீனுக்குச் சோறு. சோத்தோட சேத்தே மந்திரிங்க," என்றாள்.

சாமியார் கடைசி வாளி வரை காத்திருந்து, பிறகு தீர்த்தம் தெளித்தார். மைக்கேல்ராஜ் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

தெளித்தவுடன் பச்சை திரும்பிவிடுமா? மேகமூட்டம் வேறு. தண்ணீர் மெல்ல நிறம் மாறுவதற்குள் கட்லாக்கள் தலை பெருத்து உடல் வற்றிப்போயின. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் பெர்சிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

பெரிய வியாழனன்று வலை போட்டார்கள். மைக்கேல்ராஜ் மறக்காமல் தட்டோடு வந்திருந்தார். இருந்ததிலேயே பெரிய கட்லாவைக் கிடத்தினார்கள். வால் விளிம்பைத் தொட்டது, தாண்டவில்லை. அவர் லாரிக்காரனைக் கூப்பிடப் போனை எடுத்தார்.

"அண்ணே, போனை வை. மீன் பத்தல, ஒத்துக்கிறேன். ஆனா அதைப் பட்டினி போட்டது யாரு? நீயே பட்டினி போட்டுட்டு நீயே அளந்து பாப்பியா?"

பேச்சு பேச்சுதான் என்றார் அவர், குரல் மட்டும் இறங்கியிருந்தது.

பெர்சி தட்டை மீனோடு தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். கட்லா வழுக்கிப் பச்சைக்குள் போய் மறைந்தது.

"லாரி வரட்டும். நான் இங்கனதான் நிக்கப் போறேன். என் மேலயே கொட்டச் சொல்லு."

மைக்கேல்ராஜ் லாரிக்காரனைக் கூப்பிடவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டார். தட்டையாவது கொடு என்று கையை நீட்டினார்.

அவள் தரவில்லை.

"வால் நீட்டுற அன்னைக்கு, மீனோட தாரேன்."