தாம் பழக்கியவரின் கீழ் வேலை செய்த அண்ணார்

அண்ணாருடைய முதலாம் ஆண்டுத் திதிக்கு வந்து இந்நினைவு மலரைக் கையில் வாங்கும் உற்றார் உறவினருக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அவருடைய வாழ்க்கையை நான்தான் எழுதித் தரவேண்டும் என்று அண்ணியார் கேட்டார்கள். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நான் அவரோடு பேசாதிருந்த எட்டு மாதங்களை விட்டுவிட்டு எழுதினால் மற்றதெல்லாம் பொய்போலத் தெரிகிறது. ஆகவே அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அண்ணார் பிறந்தது சூலூருக்குத் தெற்கே ஒரு சிற்றூரில். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது தகப்பனார் காலமானார். அடுத்த இரண்டு கோடையிலும் கிணறு வற்றிவிட்டது. அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டு அண்ணார் சிங்காநல்லூருக்கு வந்து ஒரு நூல் மில்லில் சேர்ந்தார். என்னைப் படிக்கவைத்தார். இன்று ஆனைமலையில் நான் பள்ளி ஆசிரியனாக இருப்பது அவரால்தான்.

அவருக்கு வேலை சொல்லிக்கொடுக்க யாருமில்லை. அப்போதிருந்த மேஸ்திரி, இயந்திரத்தைச் சரிசெய்யும்போது பிறர் பார்த்துவிடாதபடி முதுகால் மறைத்துக்கொள்வாராம். தனக்கு மட்டும் தெரிந்திருந்தால்தான் தன் இடம் நிலைக்கும் என்பது அவர் எண்ணம். அண்ணார் தாமாகவே பழகப்போய், இடக்கை ஆள்காட்டி விரலின் நுனியை இழந்தார். பின்னாளில் தாமே மேஸ்திரி ஆனபோது, எதைச் சரிசெய்தாலும் ஆட்களை எதிரே நிற்கவைத்து, பாதி வேலையை அவர்கள் கையாலேயே செய்யவைத்தார். எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டால் உன்னை யார் தேடுவார்கள் என்று அம்மா கேட்டதுண்டு. தேடாவிட்டால் நேரத்துக்குச் சாப்பிட வருவேன் என்று சிரித்துவிட்டார்.

அப்படி அவரிடம் பழகியவர்களில் ஒருவர் மாரப்பர். அண்ணாரைவிடப் பத்து வயது மூத்தவர். பல்லடம் பக்கம் விவசாயம் செய்து, மழை பொய்த்துப்போய், நாற்பது வயதுக்குமேல் மில்லுக்கு வந்தவர். இளவட்டங்களுக்கு முன்னால் கற்றுக்கொள்ள அவர் கூசுவார் என்று, மற்றவர்கள் வருவதற்கு அரை மணி முன்பே அவரை வரச்சொல்லித் தனியாகப் பழக்கினார். "ஏனுங்க மாமா, இந்த இழை ஏன் அறுபடுதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் நிற்பாராம்.

ஆனால் அண்ணாருக்குக் கோபம் உண்டு. கற்றுக்கொடுக்கும்போது இருக்கும் பொறுமை, தவறு நடந்துவிட்டால் இருக்காது. பத்துப் பேர் முன்னால் திட்டிவிடுவார். பிறகு தாமே வருந்துவார்.

நூற்புப் பகுதிக்குத் தலைமை மேஸ்திரி வேண்டியிருந்தபோது மானேஜர் அண்ணாரைத்தான் கேட்டார். நான் ஆனைமலையில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் செய்தி வந்தது. அண்ணார் தாமே மாரப்பரின் பெயரைச் சொல்லி, அவரையே தலைமை மேஸ்திரி ஆக்கவைத்துவிட்டார் என்று. அந்த ஞாயிற்றுக்கிழமையே சிங்காநல்லூருக்குப் போனேன்.

"உங்ககிட்டக் கத்துக்கிட்டவருக்குக் கீழ நீங்க கைகட்டி நிக்கறத என்னால பாக்க முடியாதுங்கண்ணா" என்றேன்.

"அவருதான் அதுக்கு ஏத்த ஆளு கண்ணு" என்று மட்டும் சொன்னார். அண்ணியார் இலை போட்டுக் கூப்பிட்டார்கள். நான் உட்காராமல் வந்துவிட்டேன். பிறகு அண்ணாரிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டுக்கும் பதில் போடவில்லை.

எட்டாவது மாதம் ஒரு முற்பகலில் மாரப்பர் என் வீட்டு வாசலுக்கு வந்தார். பஸ் பிடித்து வந்திருந்தார். நான் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. அந்தப் பெரியவரை வெயிலில் நிற்கவைத்தே என்ன விஷயம் என்று கேட்டேன்.

"அவருக்கு நெஞ்சுல சளி கட்டிப்போச்சுங்க. டாக்டரு கையை விரிச்சுட்டாருங்க. தம்பி வந்துட்டானான்னு கேட்டுக்கிட்டே இருக்கறாரு. என் மேல இருக்கற வருத்தத்த அப்பறம் பாத்துக்கலாமுங்க. இப்ப கெளம்புங்க" என்றார்.

போய்ப் பார்த்தபோது எனக்கு அண்ணாரை அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு மெலிந்திருந்தார். அவருடன் இருக்க எனக்கு நான்கு நாள் கிடைத்தது. மூன்றாம் நாள் மூச்சு சற்று எளிதாக இருந்தபோது, நான் கேட்காமலே சொன்னார்.

தலைமை மேஸ்திரி பேச்சு வருவதற்கு முன்னால், ஓர் ஆள் இயந்திரத்தின் பெல்ட் பிய்ந்திருப்பதைக் காலையிலேயே பார்த்திருக்கிறார். முந்தின வாரம்தான் அண்ணாரிடம் எல்லார் முன்னிலையிலும் திட்டு வாங்கியவர் அவர். பயந்து சொல்லாமல் இருந்துவிட்டார். மத்தியானம் பெல்ட் அறுந்து அடித்து அவருடைய கை ஒடிந்தது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்த அண்ணாரிடம், அன்றைக்கு மாரப்பர் வேலைக்கு வந்திருந்தால் அவரிடமாவது சொல்லியிருப்பேன் என்றாராம்.

"எனக்குத் தொழில் தெரியும் கண்ணு. ஆனா ஆளுங்க எங்கிட்டத் தப்பச் சொல்லப் பயப்படறாங்க. மாமாகிட்டப் பயமில்லாமச் சொல்றாங்க. அவரு எப்படிக் கேட்டுக்கறாருன்னு பக்கத்துல இருந்து இப்பத்தான் கத்துக்கிட்டு வாரேன்" என்றார்.

பேசாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. "சாப்பிட்டயா" என்று கேட்டார். மறுநாள் பகல் அவர் மூச்சு அடங்கியது.

மில் ஆட்கள் முறைவைத்துத் தோள்கொடுத்தார்கள். கை ஒடிந்தவரும் வந்திருந்தார். நிமிராத அந்தக் கையோடு அவரும் தோள்கொடுத்தார். காரியம் முடிந்தபிறகு ஒவ்வொருவராக என்னிடம் வந்து, இதை எனக்கு அவர்தான் சொல்லிக்கொடுத்தார், அதை எனக்கு அவர்தான் சொல்லிக்கொடுத்தார் என்றார்கள். நானும் ஓர் ஆசிரியன். என் மாணவர்களில் ஒருவன் எனக்கு மேலே வந்து உட்கார நான் சம்மதித்திருப்பேனா என்று ஓராண்டாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். இன்னும் ஆம் என்று சொல்லத் துணிவு வரவில்லை.

இரவு பகல் பாராமல் பணிவிடை செய்த அண்ணியாரை வணங்குகிறேன். கூப்பிட்டபோதெல்லாம் வந்த டாக்டருக்கும், அண்ணாரின் குழந்தைகளுக்குச் சோறு ஆக்கிப் போட்ட அண்டை வீட்டாருக்கும், தோள்கொடுத்த மில் சகோதரர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

மாரப்பருக்கும் நன்றி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அவர் அன்று வராதிருந்தால் அண்ணாரின் குரலை மறுபடி கேளாமலே போயிருப்பேன். நன்றி என்று எழுதக் கை வரவில்லை. ஐயா, உங்களை என் வாசலில் நிற்கவைத்தேன். மன்னித்துவிடுங்கள்.